பின்கதவு லைற்றும் பொங்கிப்போன பற்றரியும்

கிளிநொச்சியில் எங்கள் ரியூசன் கொட்டிலின் பின்கதவுக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தின் கீழ் ஓர் அவசர லைற் பூட்டியிருந்தோம். கரண்ட் நின்றால் பிள்ளைகள் படியில் தடுக்குப்படக் கூடாது. மாரியில் அந்தப் பக்கம் பாம்பும் வரும். ஒரு ஆவணி வெயில் முடிய, லைற் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கழற்றினால், ஈய அமிலப் பற்றரி பக்கமெல்லாம் பொங்கி, பெட்டியோடு இறுகிக் கிடந்தது. வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரத்தின் கீழ் எப்படித் தாங்கும்?

கனடாவில் வயரிங் வேலை செய்யும் மச்சானிடம் கேட்டேன். அங்கே தொல்லை குளிர். உறைநிலைக்குக் கீழே சாதாரண லிதியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணக்கூடாது. ஈய அமிலத்தின் கொள்ளளவும் நன்றாக இறங்கிவிடும். அதனால் பற்றரியைச் சூடான கட்டடத்துக்குள் வைத்து, விளக்கை மட்டும் வெளியே பூட்டுவார்களாம். “வெக்கைக்கும் அதையே செய் மச்சான்” என்றான்.

சரியென்று 12 வோல்ட் பற்றரியையும் சார்ஜரையும் உள்ளே, காற்றோட்டமான சுவரில் வைத்தேன். வெளியே ஐபி65 எல்ஈடி, அதாவது தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போகாத விளக்கு. வயர் தடிப்பாக வேண்டும், மெல்லியதில் வோல்ட் வழியிலேயே இறங்கும். பற்றரி முனையருகே ஒரு பியூஸ். துளையைச் சிலிக்கனால் அடைத்தேன், இல்லாவிட்டால் எறும்பு குடியேறிவிடும். மாதம் ஒருமுறை பிரேக்கரை விழுத்தி எரியவிட்டுப் பார்க்கிறேன்.