செல்டா சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கியது – என் அனுபவம்

ஓமான் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் தேவைப்பட்டது; அதாவது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் அரசுச் சான்று. பி.ஏ., பி.எட். சான்றிதழ்களில் தொல்லையில்லை: மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர். அதைப் பின்பக்கத்தில் ஒட்டுவார்கள், லேமினேஷன் இருந்தால் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

இழுத்தடித்தது செல்டாதான் (CELTA, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ்). நான் படித்தது இந்தியாவில், ஆனால் சான்றிதழ் தருவது பிரிட்டனில் உள்ள கேம்பிரிட்ஜ். கொடுத்த நாடுதான் அப்போஸ்டில் போட வேண்டும். "நோட்டரி காப்பி வச்சு இங்கேயே முடிச்சிரலாம் மேடம்" என்றார் ஒரு ஏஜெண்ட். அப்படி வாங்கும் அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் சாட்சி, என் சான்றிதழுக்கல்ல! பிரிட்டனில் ஒரு சொலிசிட்டருக்கு (வழக்கறிஞர்) கூரியரில் அனுப்பினேன். அவர் சரிபார்த்துக் கையெழுத்திட, அந்நாட்டு வெளியுறவுத் துறை அப்போஸ்டில் இணைத்தது. பள்ளி மறுபேச்சின்றி ஏற்றது.

அமீரகம் போகிறவர்களுக்கு இது போதாது. அந்நாடு அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கையில் இல்லை, தூதரக அட்டெஸ்டேஷனும் வேண்டும்.