ரெவாக்ஸ் ஏ77 கைக்கு வந்துடுச்சா? ப்ளே அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பழைய ரீல் டெக் (ரீல்ல சுத்தின டேப்பை ஓட்டற டேப் ரெக்கார்டர்) ஒண்ணை வாங்கிட்டு எங்க ஆரம்பிக்கறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இது. ரெவாக்ஸ் ஏ77-ஐ வச்சே சொல்றேன், ஸ்விட்சர்லாந்துல வில்லி ஸ்டூடர் கம்பெனி 1967ல இறக்கினது, மூணு மோட்டார், மூணு ஹெட் (அழிக்க, பதிய, படிக்கன்னு தனித்தனியா), பத்தரை இன்ச் ரீல் வரைக்கும் போடலாம், இன்னிக்கும் ஸ்பேர் கிடைக்குது.

ஸ்டெப் 1: கரண்ட்

உடனே ப்ளக்கை சொருகாதீங்க. பின்னாடி வோல்டேஜ் செலக்டர் இருக்கும், அமெரிக்காலருந்து வந்த பீஸ்னா 110ல நிக்கும், அதை 240க்கு மாத்தி ஃப்யூஸையும் அதுக்கேத்தது போடணும். அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50, ஸ்பீடு குறைஞ்சிடுமோன்னு பயமே வேண்டாம், கேப்ஸ்டன் (டேப்பை இழுத்து ஓட்டற சின்ன உலோகத் தண்டு) மோட்டாரோட வேகத்தை உள்ள இருக்கற சர்க்யூட்டே அளந்து சரி பண்ணிக்குது. பயப்பட வேண்டியது பழைய கெப்பாசிட்டருக்குத்தான், மெயின்ஸ் பக்கம் இருக்கற ரீஃபாங்கற பிராண்ட் கெப்பாசிட்டர்ல வெடிப்பு விழுந்து ஒருநாள் குப்புனு புகை விடும். தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட குடுத்து மாத்திடுங்க, நீங்களா கைய வைக்காதீங்க.

இன்னொண்ணு, பின்னாடி ரிமோட் சாக்கெட்ல ஒரு டம்மி ப்ளக் இருக்கணும். அது இல்லன்னா எந்த பட்டனை அமுக்கினாலும் ஓடாது, டெக் செத்துப்போச்சுன்னு நினைச்சு சல்லிசா வித்துட்டுப் போறவங்களும் உண்டு.

ஸ்டெப் 2: ரெண்டு ட்ராக்கா, நாலு ட்ராக்கா

இதைத்தான் முக்காவாசி பேர் பாக்கறதில்ல. டேப்போட நீளத்துக்கு ஒலி பதியற பட்டைதான் ட்ராக். ஏ77 ரெண்டு வகைலயும் வந்துச்சு. நாலு ட்ராக் டேப்ல ஒரு பக்கம் முடிஞ்சதும் ரீலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் கேக்கலாம், அந்த டேப்பை ரெண்டு ட்ராக் டெக்ல போட்டா ஒரு பாட்டு நேராவும் இன்னொண்ணு தலைகீழாவும் ஒரே நேரத்துல கேக்கும். வீட்ல இருக்கற டேப் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு டெக் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டெப் 3: சுத்தம்

காட்டன் பட்ஸ்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டு, கேப்ஸ்டன், டேப் உரசிப்போற எல்லா இடத்தையும் பழுப்புக் கறை போற வரைக்கும் துடைங்க. டேப்பை கேப்ஸ்டன் மேல அழுத்திப் பிடிக்கற ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு மட்டும் லேசா சோப்புத் தண்ணி போதும், நல்லா காஞ்சப்புறம் டேப் போடுங்க.

ஸ்டெப் 4: டேப் மாட்டறது

இடது பக்கம் டேப் இருக்கற ரீல், வலது பக்கம் காலி ரீல், ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கட்டும், ரீல் சைஸ் செட்டிங்கும் அதுக்கேத்த மாதிரி வைங்க. டேப் ஹெட்டை ஒட்டிப் போய் கேப்ஸ்டனுக்கும் ரோலருக்கும் நடுவுல நுழைஞ்சு வலது ரீல்ல நாலு சுத்து சுத்தணும். பத்தரை இன்ச் ரீல்ல ஓட்டை பெருசா இருந்தா அந்த ஓட்டைல பொருந்தற நாப் (NAB) அடாப்டர் தனியா வேணும்.

ஃபாஸ்டா ஓடிட்டு இருக்கும்போது நேரா ப்ளே அமுக்காதீங்க! ஸ்டாப் அமுக்கி ரீல் முழுசா நின்னப்புறம்தான் ப்ளே. ரீல் நின்னுச்சான்னு தானா பாத்துக்கற வசதி இதுக்கு அடுத்து வந்த பி77 மாடல்லதான் வந்துச்சு, இதுல அவசரப்பட்டா டேப் இழுபட்டு நாசமாயிடும்.

ஸ்டெப் 5: எப்படிப் பாடுது

சாதா மாடல்ல செகண்டுக்கு 9.5 சென்டிமீட்டர், 19 சென்டிமீட்டர்னு ரெண்டு ஸ்பீடு. பேச்சுக்கு 9.5 தாராளம், பாட்டுக்கு 19தான் என் சாய்ஸ். 1100 மீட்டர் டேப் 19ல சுமார் 96 நிமிஷம் ஓடும், அப்புறம் எதுக்கு கஞ்சத்தனம்.

ஸ்பெக்ஸ் பேப்பரை விடுங்க, மூணு ஹெட் இருக்கறதால சுலபமான டெஸ்ட் ஒண்ணு இருக்கு. போன்லருந்து ஒரு பாட்டை ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே மானிட்டர் சுவிட்சை சோர்ஸ் (உள்ள வர்ற பாட்டு), டேப் (டேப்ல பதிஞ்ச பாட்டு)னு மாத்தி மாத்திக் கேளுங்க. டேப்ல ஒரு நொடிக்கும் கம்மியா லேட்டா வரும், அது ஹெட்டுக்கு நடுவுல இருக்கற தூரம், கோளாறு இல்ல. ஆனா டேப்ல ஜால்ரா சத்தம் மங்கிப்போச்சுன்னா ஹெட் அழுக்கு, இல்ல தேய்மானம், இல்லன்னா அந்த டேப்புக்கு பயாஸ் (பதியும்போது பாட்டோட சேத்து அனுப்பற உயர் அதிர்வெண் சிக்னல்) அளவு சரியில்ல. பியானோ மாதிரி நீளமா நிக்கற சுரம் அலைஞ்சா ரோலரைப் பாருங்க.

ஓடும்போது கிறீச்னு சத்தம் வந்து ஹெட்ல பிசுக்கு ஒட்டுனா உடனே நிறுத்துங்க. 1970கள், 80கள்ல வந்த சில டேப்ல, முக்கியமா ஆம்பெக்ஸ் 456ல, பூச்சைப் பிடிச்சு வைக்கற பசை ஈரத்தை இழுத்து இளகிடும். அதை அப்படியே ஓட்டினா பூச்சு உரிஞ்சு பாட்டும் போயிடும்.

கேட்டு முடிச்சதும் ரீவைண்ட் பண்ணாம அப்படியே எடுத்து வைங்க, அடுத்த தடவை கேக்கறதுக்கு முன்னாடி சுத்திக்கலாம். சுத்தி வச்ச டேப்ல ஒரு அடுக்குலருந்து பக்கத்து அடுக்குக்குப் பதியற லேசான எதிரொலி அப்பதான் பாட்டுக்கு முன்னாடி வராம பின்னாடி வந்து பாட்டு சத்தத்துலயே மறைஞ்சிடும்.