திருகோணமலையில் உளவு வரலாற்று நடை: வருபவர்களும் வழிகாட்டிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பல் துறைக்குள் நுழையும் முன் ஆழம் பார்ப்பார்கள். கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு. குண்டின் அடியில் ஒரு சிறு குழி. குழி நிறையக் கொழுப்பு. குண்டைத் தரைதட்ட இறக்கி மேலே இழுத்தால் கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். இத்தனை பாகம் ஆழம், அடியில் சேறு, நங்கூரம் பிடிக்கும் என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். எதிரியின் துறைமுகத்தைப் பற்றி அப்படி ஓர் ஏடு கையில் இருந்தால் அது ஒரு படைக்கப்பலுக்குச் சமம்.

தமிழில் ஒருவரின் மனத்தை அறிய முயல்வதையும் ஆழம் பார்ப்பது என்றே சொல்கிறோம். இந்த இரண்டு பொருளிலும் ஆழம் பார்த்தவர்களின் வரலாறுதான் திருகோணமலையின் உளவு வரலாறு. பிரட்றிக் கோட்டை வாசலில் தொடங்கி, கோணேசர் கோயில்வரை ஏறி இறங்கி, டொக்யார்ட் வீதி வழியாக உட்துறைமுக வீதியில் முடியும் நடையொன்றில் சிறு சிறு குழுக்களை அழைத்துப் போய் வருகிறேன். வருபவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. வழிகாட்டிகளாகிய நாங்கள் செய்யும் தவறுகளும் உண்டு.

முதல் தவறு, துப்பாக்கியையும் பொய்த் தாடியையும் தேடி வருவது. இங்கே பார்க்க வேண்டியது காற்றை. ஐப்பசி பிறந்துவிட்டால் வாடைக்காற்றில் சோழமண்டலக் கரை முழுவதும் கப்பலுக்கு எமனாகிவிடும். சென்னையில் அன்று ஒதுங்குவதற்குத் துறைமுகமே கிடையாது; கரையில் நின்ற கப்பல்கள் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பருவத்தில் அமைதியாக நிற்கக்கூடிய ஆழமான துறை திருகோணமலை. ஆகவே, யார் இதை வைத்திருக்கிறார்கள், எத்தனை பீரங்கி, எத்தனை நாளுக்கு அரிசி என்பதை அறிய எல்லாருக்கும் ஆசை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பிடித்தார். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் கோட்டையைக் காப்பாற்றவென்று கப்பல்களோடு செப்டெம்பர் 2 அன்று வந்து சேர்ந்தபோது, கொடிமரத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. செய்தி சில நாள் பிந்தியது, அவ்வளவுதான். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்தபடி இதைக் கேட்டால், உளவு என்பது எதற்காக என்று யாருக்கும் விளங்கும்.

இரண்டாவது தவறு எங்களுடையது: ஊரான் வீட்டுக் கதையை எல்லாம் இழுத்து வந்து திருகோணமலையில் கட்டிவிடுவது. பாலாடைக்கட்டிக் கதை இதில் பேர்போனது. 1795 இல் ஒல்லாந்தருக்குச் சேவகம் செய்த சுவிஸ் கூலிப்படையை ஆங்கிலேயர் பக்கம் திருப்ப, ஹியூ கிளெக்கோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் பாடுபட்டார். ஒப்பந்தச் செய்தியை ஒல்லாந்துப் பாலாடைக்கட்டி உருண்டைக்குள் ஒளித்து, கோட்டைக்குள் இருந்த படைத்தலைவருக்கு அனுப்பினார் என்பது புகழ்பெற்ற கதை. அந்தக் கோட்டை கொழும்புக் கோட்டை. பாலாடைக்கட்டி போய்ச் சேரும் முன்பே, 1795 ஆகஸ்டில், திருகோணமலை முற்றுகையில் விழுந்துவிட்டது. இதை இங்கே நடந்ததாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் இதே குழப்பம்தான். ஜப்பானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்கள் சிங்கப்பூரிலிருந்து 1942 ஜனவரியில் வந்து அமர்ந்தது கொழும்பில், ஒரு பள்ளிக் கட்டடத்தில். கனேடிய விமானி லெனார்ட் பிர்ச்சால் ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். விமானம் சுடப்பட்டு, சிறைப்பட்டு, போர் முடியும்வரை கைதியாகக் கிடந்தார். அந்தச் செய்தி உதவியது மறுநாள் தாக்கப்பட்ட கொழும்புக்கு. திருகோணமலை தாக்கப்பட்டது ஏப்ரல் 9 அன்று. அதற்கும் முன்னறிவிப்பு கிடைத்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படி வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத்தான் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். தகவல் கிடைத்தால் உயிர் தப்பலாம் என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஒரு கப்பல் போதும். இந்த இடத்தில் மட்டும் நான் குழுவை அவசரப்படுத்துவதில்லை.

பின்னாளில் சமையற்கலையில் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் திருகோணமலையில் உளவாளியாக இருந்தார் என்று அடித்துச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓஎஸ்எஸ்ஸில் இருந்தது உண்மை. இருந்த இடம் கண்டி. பார்த்த வேலை, இரகசிய ஆவணங்களைப் பதிந்து, வகைபிரித்து, பாதுகாப்பது. அதையும் நான் சிறிய வேலையாக நினைக்கவில்லை. ஆவணத்தைத் தேடி எடுக்க முடியாவிட்டால் ஒற்றன் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த செய்திக்கு என்ன பயன்? திருகோணமலையின் பங்கு வேறு. ஓஎஸ்எஸ்ஸின் பயிற்சி முகாம் ஒன்று இந்தக் கரையில் இருந்தது. எதிரி மண்ணில் இரகசிய வேலை செய்த பிரித்தானியரின் 136ஆம் படைப்பிரிவின் ஆட்களையும் பிறரையும் ஏற்றிக்கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் இங்கிருந்து மலாயாக் கரைக்கும் சுமாத்திராவுக்கும் போய்வந்தன. இரவில் கரைக்கு அருகே மேலெழுந்து, மடக்குப் படகில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புவது. உட்துறைமுக வீதியில் நின்று அந்த அமைதியான நீரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம்.

எண்பதுகளின் கதையிலும் ஒரு கலப்பு உண்டு. "இங்கே அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு வானொலி இருந்ததாமே?" என்று கேட்காத குழுவே இல்லை. அமெரிக்க அரசின் வானொலியான வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் நிலையம் அமைந்தது சிலாபத்துக்கு அருகே இரணவிலவில், மேற்குக் கரையில். திருகோணமலையில் இருந்தது ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம். ஆனால் அச்சம் வெறும் வதந்தியன்று. 1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, புலனாய்வு வேலைகளுக்குப் பயன்படக்கூடாது என்று எழுதியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைக்கும் கொடுக்கக்கூடாது என்பதும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அதே கடிதங்களில் வருகின்றன. ஐயம் யாருக்கு, எதன்மீது என்று சொல்லுங்கள். இல்லாத உளவு நிலையத்தைக் கட்டி எழுப்பாதீர்கள்.

அடுத்தது, வந்தவர்களை எல்லாம் உளவாளி ஆக்குவது. பாய்மரம் முறிந்து 1659 இல் திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலின் இளைஞர் ரொபர்ட் நொக்ஸ், கண்டி மன்னனின் கைதியாகி, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679 இல் தப்பினார். அவர் உளவு பார்க்க வந்தவரல்லர். அவர் நாடு திரும்பி எழுதியது மட்டும், வேவு பார்க்கப் போனவர் ஒருவராலும் கொண்டுவர முடியாத அளவு தகவல். மறுபக்கம், தூதர் என்ற மரியாதைப் பெயரோடு வந்தவர்களைச் சும்மா விட்டுவிடுகிறோம். 1762 இல் சென்னையிலிருந்து வந்து கண்டிக்குப் போன ஜோன் பைபஸும், 1782 இல் போன ஹியூ போய்டும் இந்தக் குடாவழியாகவே போனார்கள். வழி, ஆறு, காவல், அரசவையின் மனநிலை எல்லாவற்றையும் கவனித்தார்கள். போய்டு திரும்பும்போது கடலில் பிரெஞ்சுக்காரரிடம் மாட்டிக்கொண்டார். ஆழம் பார்த்தவர்கள் என்றால் இவர்கள்தான்.

கோட்டை வாசலில் மீன் இலச்சினை பொறித்த கல்லருகே ஒரு சொல். கோணேசர் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் மன்னனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் முழுப் பாட்டையும் கல்லில் எழுதியிருப்பதாகக் காட்டி ஒப்பிக்காதீர்கள். கல்லில் எஞ்சியிருப்பது துண்டு துண்டான எழுத்துகள். மிகுதி நம் மரபில் வாய்வழி வந்தது. இரண்டுக்கும் பெருமை உண்டு. எது கல், எது வாய்மொழி என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நடைமுறைக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரட்றிக் கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. ஒஸ்டென்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, அனுமதியில்லாமல் போக முடியாது. காவலரண், வாயில், கப்பல் எதையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு மேல் முகமே வெந்துவிடும். வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் அதிகம். கும்பிட வந்தவர்களின் நடுவே நின்று விரிவுரை ஆற்றாதீர்கள். வழியில் திரியும் மான்களுக்குத் தின்பண்டம் போடாதீர்கள்.

இனி, என் கண்ணில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு உளவாளி என்பது சுவாரசியமான சொல். இந்த ஊரில் முப்பது ஆண்டுப் போரைக் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்து வருவது வேறொரு சொல்: தலையாட்டி. படையினரின் சுற்றிவளைப்பில் ஊரையே மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட ஓர் ஆள் வாகனத்தில் இருப்பார். அவர் தலை அசைந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராது. ஆட்காட்டி, அதாவது காட்டிக்கொடுப்பவர், என்று குற்றஞ்சாட்டப்பட்டு மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். ஆகவே வழியில் தேநீர்க்கடையில் இருக்கும் முதியவரிடம் "உங்களுக்கு இங்கே உளவாளி யாரையும் தெரியுமா ஐயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்காதீர்கள்.

ஆரம்பத்தில் நாங்களும் நடையின் நடுவே ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். குழுவில் ஒருவருக்கு இரகசியமாகச் சீட்டுக் கொடுப்போம். யார் ஒற்றர் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் டச்சுபே கடற்கரையில் சீட்டுகளைப் பிரிக்கும்போது, பேத்தியோடு வந்திருந்த அம்மா ஒருவர் தன் சீட்டை வாங்கவில்லை. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சற்று விலகிக் கடலைப் பார்த்து நின்றார். பேத்தி போய் இழுத்தும் வரவில்லை. பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்:

"தம்பி, இந்த விளையாட்டு வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அப்படித்தான் போனது."

சீட்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்துக்கு வந்தால் இப்போது கடற்கரையில் பத்து நிமிடம் சும்மா உட்காருகிறோம். யாராவது பேச விரும்பினால் கேட்கிறோம். பேசாவிட்டால் எழுந்து டொக்யார்ட் வீதிக்கு நடக்கிறோம்.