1500 மீட்டர் நீச்சல்: பெண் பிள்ளைகள் செய்யும் தவறுகளும் நாம் செய்ய வைக்கும் தவறுகளும்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அண்ணன் மகள் போன வருஷம்தான் முதல் தடவையாக 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினாள். முதல் 100 மீட்டர் 1 நிமிடம் 9 வினாடி. கேலரியில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். பத்தாவது 100-க்கு 1 நிமிடம் 24 வினாடி ஆனது. முழங்கை தண்ணீரை உரசிக்கொண்டுதான் முன்னால் வந்தது. வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு, "அத்தை, நல்லாத்தானே ஆரம்பிச்சேன்?" என்று கேட்டாள்.

அந்த ஆரம்பம்தான் தவறு. டைவ் அடித்த வேகமும் போட்டிப் பதற்றமும் சேர்ந்து முதல் 200 மீட்டரை லேசாகக் காட்டும். அங்கே அதிகமாகச் செலவழித்த தெம்பு நடுவில் திரும்பக் கிடைக்காது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 1500 மீட்டரை 15:30.02-இல் முடித்துத் தங்கம் வென்றார். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்குச் சராசரி 62 வினாடி. நம்ம பெங்களூர் தினிதி தேசிங்கு அதே பாரிஸில் 14 வயதில் நீந்தியது 200 மீட்டர். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு 1500-க்குத் திட்டம் போடக்கூடாது. பயிற்சியில் பதினைந்து 100 மீட்டர்களைச் சின்ன ஓய்வோடு நீந்தவிட்டு, முதலாவதும் கடைசியும் இரண்டு வினாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். அதுவரை ஸ்டாப்வாட்சில் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது குளத்தின் நீளம். 25 மீட்டர் குளத்தில் 1500-க்கு 59 தடவை சுவரை உதைத்துத் திரும்பலாம். 50 மீட்டர் குளத்தில் 29 தடவைதான். ஒவ்வொரு உதைப்பும் இலவசமாகக் கிடைக்கும் சில மீட்டர்கள், இல்லையா? அப்பார்ட்மெண்ட் குளத்தில் எடுத்த நேரத்தை நம்பிப் பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்தால் ஏமாற்றம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது 50 மீட்டர் குளத்துக்கு அழைத்துப் போங்கள்.

லேப் (குளத்தின் ஒரு நீளம்) எண்ணிக்கை தவறுவதும் உண்டு. கடைசி இரண்டு லேப் இருக்கும்போது மணி அடிப்பார்கள். பக்கத்து லேனுக்கு அடித்த மணியைத் தனக்கென்று நினைத்து வேகமெடுத்தால் அதோடு சரி.

இனி, நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைப்பது. மாதவிலக்கு நாட்களில் மகளைக் குளத்துக்கு அனுப்பாத வீடுகள் நம்மில் இன்னும் நிறைய. மாதம் ஐந்து நாள் என்றால் வருஷத்துக்கு அறுபது நாள் பயிற்சி போகிறது. நெடுந்தூர நீச்சலில் இந்த இடைவெளி உடனே தெரியும். தண்ணீரைக் கை பிடிக்கும் உணர்வே விட்டுப்போகும். போட்டித் தேதியும் அந்த நாட்களைப் பார்த்து வராது. வலி அதிகமென்றால் அன்று குறைத்து நீந்தட்டும், இல்லை ஓய்வெடுக்கட்டும். அதை அவள் முடிவு செய்யட்டும். டாம்பானோ மென்ஸ்ட்ருவல் கப்போ, எது வசதி என்று அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து பேசுங்கள். கோச்சிடம் மறைக்காதீர்கள். எப்போதும் சோர்வாகவே இருந்தால் சோம்பேறி என்று திட்டாமல் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1908-லேயே 1500 மீட்டர் இருந்தது. பெண்களுக்கு 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் வெளியே நிற்க வைத்த பந்தயம் இது. வீட்டிலும் ஒரு தடை வேண்டாம்.

பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் போட்டிக்குப் போகிறவர்கள் சுற்று முறையை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிம்பிக்கில் முதலில் குழு குழுவாக நீந்தும் ஹீட், அப்புறம் எட்டுப் பேர் இறுதிச் சுற்று. ஆசிய விளையாட்டில், 2023-இல் ஹாங்சோவில் நடந்ததுபோல, எல்லா ஹீட்டின் நேரத்தையும் வைத்தே முடிவு. தனியாக இறுதிச் சுற்று கிடையாது. மெதுவான ஹீட்டில் இடம் கிடைத்தால், பக்கத்தில் இழுத்துப்போக ஆள் இல்லாமலே முழுப் பலத்தையும் காட்ட வேண்டும். "இறுதிச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தெம்பை மிச்சம் பிடித்தால் அது மிச்சமாகவே போய்விடும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் இட்லி போதும். நெய் ரோஸ்ட் பந்தயம் முடிந்த பிறகு.

அடுத்த மாதம் அவளுக்கு மறுபடியும் 1500. முதல் 100-ஐ 1 நிமிடம் 14-க்குக் கீழே முடிக்கக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். கேலரியில் பாதிப் பந்தயம் வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.