கிட் லாகில் கமிட் நேரம் முன்பின்னாக இருந்தால்

கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; அப்படிப் பதிந்த ஒவ்வொன்றும் ஒரு கமிட், அவற்றின் பட்டியல் லாக். அந்த லாகில் நாளைய தேதியில் ஒரு கமிட். நேற்றைய கமிட்டுக்கு மேலே போன மாதத்துக் கமிட். ஹிஸ்டரியில் கை வைக்குமுன் இது பிழைதானா என்று பாருங்கள். பல சமயம் இல்லை.

ஒவ்வொரு கமிட்டிலும் கிட் இரண்டு நேரங்களை எழுதுகிறது. மாற்றம் முதன்முதலில் கமிட் ஆன நேரம் ஆத்தர் நேரம். இப்போதுள்ள வடிவில் அது உருவான நேரம் கமிட்டர் நேரம். ரீபேஸ் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது), செர்ரி-பிக் (ஒரு கமிட்டை வேறு கிளைக்கு நகலெடுப்பது), அமெண்ட் (கடைசிக் கமிட்டைத் திருத்துவது) மூன்றும் ஆத்தர் நேரத்தை அப்படியே விட்டு, கமிட்டர் நேரத்தை மட்டும் புதுப்பிக்கும். லாக் நமக்குக் காட்டுவது ஆத்தர் நேரம். இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை என்று லாகை வடிகட்டும் ‘--சின்ஸ்’, ‘--அன்டில்’ பார்ப்பதோ கமிட்டர் நேரம். குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இதுதான். ‘கிட் லாக் --ஃபார்மேட்=ஃபுல்லர்’ கொடுத்தால் இரண்டும் தெரியும்.

இரண்டுமே தவறு என்றால் கமிட் செய்த கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கிட் அதை அப்படியே நம்புகிறது. இந்தியாவில் சரியாக 5.30 மணி நேரம் முன்னால் ஓடினால், அனேகமாக விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுத, லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ மதிப்பை 1 ஆக்கினால் தீரும். சஸ்பெண்ட் செய்து எழுப்பிய வர்ச்சுவல் மெஷினில் கடிகாரம் பின்தங்கலாம்; இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி ஓடுகிறதா என்று ‘டைம்டேட்சிடிஎல்’ சொல்லும். கன்டெய்னர் எனும் தனித்த சூழலுக்குள் செய்த கமிட்டில் +0530க்குப் பதில் +0000 வந்தால் அது பிழையே அல்ல: கிட் எழுதும் 1970 ஜனவரி 1 முதலான விநாடிக் கணக்கு ஒன்றுதான், டைம்ஸோன் மட்டும் வேறு.

கடிகாரத்தைச் சரிசெய்த பிறகே கமிட்டைத் தொடுங்கள். புஷ் செய்யாத (சர்வருக்கு அனுப்பாத) கடைசிக் கமிட்டுக்கு ‘கிட் கமிட் --அமெண்ட் --நோ-எடிட் --டேட்=நவ்’ போதும். ‘--டேட்’ ஆத்தர் நேரத்தை மட்டுமே மாற்றும். அமெண்ட் ஆவதால் கமிட்டர் நேரம் தானே இப்போதைக்கு வந்துவிடும். பல கமிட் என்றால் ரீபேஸுடன் ‘--ரீசெட்-ஆத்தர்-டேட்’. ஆத்தர் நேரம் சரியாக இருந்து, கமிட்டர் நேரத்தை அதற்கு ஒப்பாக்க வேண்டுமானால் ‘--கமிட்டர்-டேட்-இஸ்-ஆத்தர்-டேட்’.

புஷ் ஆகிவிட்டதா? விட்டுவிடுங்கள். நேரமும் சேர்ந்துதான் கமிட்டின் அடையாளமான ஹாஷ் கணக்கிடப்படுகிறது; ஒரு விநாடியை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் எல்லா ஹாஷும் மாறும், கமிட் யாருடையது என்று உறுதிசெய்யும் ஜிபிஜி கையொப்பங்கள் போகும், அந்தக் கிளையை எடுத்தவர்கள் எல்லோரும் திண்டாடுவார்கள். தேதியை விட்டு, எதன்மேல் எது வந்தது என்ற வரிசையில் காட்டும் ‘--டோப்போ-ஆர்டர்’ உடன் லாகைப் படியுங்கள். நடுவில் பழைய தேதிக் கமிட் ஒன்று இருந்தால் ‘--சின்ஸ்’ அங்கேயே நின்று, அதற்கு அப்பாலுள்ள புதியவற்றை விட்டுவிடக்கூடும்; ‘--சின்ஸ்-ஆஸ்-ஃபில்டர்’ முழுதும் தேடும். எது முந்தியது என்று ரிலீஸ் ஸ்கிரிப்ட் முடிவு செய்ய ஒரு கமிட் மற்றொன்றின் முன்னோரா என்று பார்க்கும் ‘கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர்’ இருக்கிறது. தேதியை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

சொந்த சர்வர் என்றால் புஷ்ஷை ஏற்குமுன் சர்வரில் தானே ஓடும் ஸ்கிரிப்டான ப்ரீ-ரிசீவ் ஹுக் ஒன்று போடுங்கள்: புதிய கமிட்களின் கமிட்டர் நேரம் சர்வர் கடிகாரத்தைவிட 10 நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தால் புஷ்ஷை மறுக்கட்டும். ஆனால் நேரம் பழையது என்பதற்காக மறுக்காதீர்கள். இணையமில்லாமல் ஒரு வாரம் வேலை செய்தவரின் கமிட்களும் அப்படித்தான் வரும்.