மினி டிராக்டருக்கு ஸ்லாஷர்: அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடையில் 'பிரஷ் கட்டர்' என்று கேட்டால் தோளில் மாட்டும் பெட்ரோல் மெஷினைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல், புதர் வெட்டுவதற்கு 'ஸ்லாஷர்' அல்லது 'ஃப்ளெயில் மல்ச்சர்' என்று கேளுங்கள்.

ஸ்லாஷரில் தகட்டுக்கு அடியில் இரண்டு கனமான பிளேடுகள் கிடைமட்டமாகச் சுற்றும். மல்ச்சரில் ஓர் உருளை முழுக்கச் சின்னச் சின்ன பிளேடுகள். பெங்களூரைச் சுற்றி தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டை பக்கம் தைலமரம் வெட்டிய நிலமென்றால், புல்லுக்குள் அடிக்கட்டை மறைந்திருக்கும். அதற்கு ஸ்லாஷரே சரி. ஆனால் பிளேடுக்கு அடியில் வட்டத் தட்டு இருக்க வேண்டும். அதுதான் கட்டைமேல் வழுக்கி ஏறி கியர் பாக்ஸைக் காப்பாற்றும். சர்ஜாப்பூர், ஆனேக்கல் பக்கம்போல் வேலிக்கு அப்பால் லேஅவுட்டும் கார்களும் இருந்தால் மல்ச்சர் வாங்குங்கள். ஸ்லாஷர் அடித்த கல் நூறு மீட்டர்கூடப் பறக்கும். முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்பு இல்லாததை வாங்கவே வேண்டாம்.

அடுத்து அகலம். டிராக்டரின் பின்னால் கருவியைச் சுற்றவைக்கும் தண்டுதான் பி.டி.ஓ. அகலத்தில் அடிக்கு 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் என்பது கணக்கு. 24 எச்.பி. எஞ்சினில் பி.டி.ஓ.வுக்கு வருவது சுமார் 20. ஆக 4 அடிதான். பின்சக்கரத் தடத்தையும் அது மூடிவிடும். 5 அடி வாங்கினால் புல்லில் ஓடும், உண்ணிச்செடிப் புதரில் எஞ்சின் திணறி நிற்கும். டிராக்டரின் லிஃப்ட் ஸ்லாஷரைத் தூக்குமா என்பது ஒரு கேள்வி, தூக்கியபின் முன்சக்கரம் தரையில் ஊன்றுமா என்பது இன்னொன்று. ஸ்டியரிங் லேசானால் முன்னால் எடை மாட்டுங்கள்.

பல மினி டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு வேகம் உண்டு. ஸ்லாஷர் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு என்றால் வேகமான கியரில் ஓட்டக் கூடாது. கிளட்ச் ஒன்றே ஒன்றுதான் என்றால் ஓவர்ரன்னிங் கப்ளிங் (பிளேடின் சுழற்சி டிராக்டருக்குத் திரும்பாமல் தடுக்கும் இணைப்பு) கட்டாயம். இல்லையேல் கிளட்சை மிதித்த பிறகும் சுற்றும் பிளேடின் வேகம் வண்டியை முன்னால் தள்ளும். வரப்போரம் இது ஆபத்து.

பி.டி.ஓ.வையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஜாயிண்ட் ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். லிஃப்டை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மிகக் குறுகும் நிலையில் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். நீளும்போது மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்க வேண்டும். நீளம் அதிகமென்றால் உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் பி.டி.ஓ. பேரிங் போகும்.

பளு மிஞ்சினால் தானே அறுந்து மெஷினைக் காக்கும் ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று, உறுதி கூடிய ஹை டென்சில் போல்ட் போடுவது பழக்கமாகிவிட்டது. அதன்பின் அறுவது கியர் பாக்ஸ்தான்.

ஓட்டும்போது ஸ்லாஷரின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை முதல் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். டிராக்டரையும் ஸ்லாஷரையும் மேலே இணைக்கும் டாப் லிங்கில் சரிசெய்யலாம். பிளேடை ஜோடியாகவே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அதிரும். மார்ச் மாதக் காய்ந்த புல்லில் கல்லில் பட்ட பொறியே தீ வைக்கும். காங்கிரஸ் செடியை (பார்த்தீனியம்) பூப்பதற்கு முன்பே வெட்டுங்கள், முழுக்கை சட்டையோடு.

புது மெஷின் கியர் பாக்ஸ் சில நேரம் எண்ணெய் இல்லாமலே வரும். 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி, அளவைப் பார்த்த பிறகே பி.டி.ஓ.வைப் போடுங்கள்.