எழுதியவர் மறைந்தபின் வெளிவந்த நாவலை வாசகர் வட்டத்தில் எடுப்பது எப்படி

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாளன்று 'கல்வெட்டு' எனப்படும் நினைவு நூலோ நினைவு மலரோ அச்சிட்டு வழங்குவது வழக்கம். மறைந்தவர் எழுத்தாளராக இருந்தால், அந்த மலரோடு சேர்த்தோ முதலாம் ஆண்டு நினைவை ஒட்டியோ, அவர் அச்சேற்றாமல் விட்டுச் சென்ற நாவலும் நூலாகிவிடுவதுண்டு. பிள்ளைகள் அலுமாரியிலிருந்து அவர் எழுதிய தடித்த சி.ஆர். கொப்பிகளை எடுத்துக் கொடுக்கிறார்கள். நண்பர் ஒருவர் தட்டச்சுச் செய்விக்கிறார். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்துப் பதிப்புரை எழுதுகிறார். மண்டபம் நிறைந்த வெளியீட்டு விழாவும் நடக்கிறது. அதன் பிறகு அந்த நாவலைப் பற்றிக் கதைப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெரும்பாலும் மறைந்தவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவர் எழுதியதைப் பற்றியல்ல. ஒருவர் இரவிரவாக இருந்து எழுதியதை வாசிக்காமல் விட்டுவிட்டு, அவர் நல்ல மனிதர் என்று மட்டும் சொல்லி எழும்புவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. ஆகவே, இத்தகைய நாவலைத் தம் வட்டத்தில் எடுக்க விரும்புவோர் செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: பிரதி எந்த நிலையில் கிடைத்தது என்று அறிவது

நாவலைத் திறப்பதற்கு முன்னர், எழுதியவர் அதை எந்த நிலையில் விட்டுச் சென்றார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் முடித்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வைத்திருந்தாரா, பாதியில் நின்றதா, முடித்தும் மனநிறைவின்றி ஒதுக்கி வைத்தாரா, வெளியிட வேண்டாம் என்று வாயால் சொல்லியிருந்தாரா? இந்த நான்கும் நான்கு வகையான வாசிப்பைக் கேட்கின்றன. முடித்த நாவலின் முடிவு பிடிக்கவில்லையென்றால் ஆசிரியரோடு வாதிடலாம். பாதியில் நின்ற நாவலின் முடிவைப் பற்றி அப்படி வாதிட ஆளுமில்லை, நியாயமுமில்லை.

உலகப் புகழ்பெற்ற நாவல்களுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. காஃப்கா 1924இல் மறைந்தபோது தம் எழுத்துகளை வாசிக்காமலே எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராட்டிடம் எழுதி வைத்திருந்தார். பிராட் அதைச் செய்யாமல் 1925இல் 'விசாரணை'யையும் அடுத்த ஆண்டு 'கோட்டை'யையும் வெளியிட்டார். 'விசாரணை'யின் அத்தியாயங்கள் தனித்தனிக் கட்டுகளாகவே கிடைத்தன. அவற்றை இன்ன வரிசையில் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் பிராட். 'கோட்டை'யின் கையெழுத்துப் பிரதி ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முதற்பதிப்பில் பிராட் அந்த இறுதிப் பகுதியை விட்டுவிட்டு, அதற்கு முன்னரே நாவலை நிறுத்தினார். அதை வாசித்தவர்கள் கண்ட முடிவு காஃப்காவின் பேனை நின்ற இடமல்ல.

ஆல்பர் காம்யு 1960 ஜனவரி 4ஆம் திகதி கார் விபத்தில் இறந்தபோது, அவருடைய பையில் 144 கையெழுத்துப் பக்கங்கள் இருந்தன. மகள் அதனை 'முதல் மனிதன்' என்று 1994இல்தான் வெளியிட்டார். வாசிக்க முடியாத சொற்களையும் ஓரக் குறிப்புகளையும் மறைக்காமல், அவை எங்கெங்கே இருந்தன என்று காட்டி அச்சிட்டார்கள். நம் ஊர்ப் பதிப்பாசிரியர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் மறதி நோயோடு போராடிய இறுதிக் காலத்தில், தமது கடைசி நாவல் சரிவரவில்லை, அதை அழித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் மறைந்து பத்தாண்டுகள் சென்றபின் 2024இல் அவருடைய இரு மகன்மாரும் அதை வெளியிட்டார்கள். தந்தையின் சொல்லை மீறியதை முன்னுரையிலேயே வாசகருக்குச் சொன்னார்கள். வெளியிட்டது சரியா என்பதில் வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஆயினும் உண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டு பிரிந்தார்கள் என்பது முக்கியம்.

தமிழில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' தொடர் பாதியில் நின்றது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். பாரதியாரின் 'சந்திரிகையின் கதை'யோ முடிவுறாமலே இருக்கிறது. முற்றுப் பெறாத நாவலை எடுக்கப் போகும் வட்டம், இந்த இரண்டில் எதனை வாசிக்கும்போது தனக்கு மனநிறைவு கிடைக்கிறது, ஏன் என்று முன்னரே ஒரு நாள் பேசி வைத்துக்கொண்டால், பின்னர் வரும் பல சச்சரவுகள் குறையும். என் விருப்பம் பாரதியின் பக்கம். மற்றவர் கை வைத்து முடித்ததைவிட, நின்ற இடத்தில் நிற்கும் எழுத்தையே நான் நம்புகிறேன்.

பதிப்பாசிரியரிடம் கேட்க வேண்டியவை

பதிப்புரையில் இந்த விபரங்கள் இல்லையென்றால் பதிப்பாசிரியரிடமே கேளுங்கள். நம் பக்கத்தில் அவரும் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கக்கூடியவர்தான். பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபராகவோ ஆசிரியராகவோ இருப்பார். எத்தனை கொப்பிகள் கிடைத்தன, ஒரே அத்தியாயம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்ததா, அப்படியானால் எதை எடுத்தார், வெட்டப்பட்ட பகுதிகளைச் சேர்த்தாரா, தலைப்பு யார் வைத்தது, அத்தியாயத் தலைப்புகள் மூலத்தில் இருந்தனவா, உரையாடலில் வந்த மட்டக்களப்புப் பேச்சை ஏட்டுத் தமிழாக்கினாரா என்பன கட்டாயம் கேட்க வேண்டியவை. இவற்றைக் குறை காணும் தொனியில் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலான பதிப்பாசிரியர்கள் அன்பினால் திருத்தியிருப்பார்கள், திருத்தியதைச் சொல்லவும் தயங்க மாட்டார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதே உண்மை.

இது ஏன் முக்கியம் என்பதை ஓர் அனுபவத்தால் விளக்கலாம். கல்முனைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எனக்குக் காட்டிய கொப்பிகளில் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. நீல மையால் எழுதிய முதல் வடிவத்தில், வெள்ளாமை வெட்டி முடிந்த வயல் வட்டைக்குள் தகப்பனும் மகனும் வாக்குவாதப்பட்டுப் பிரிகிறார்கள். கறுப்பு மையால் எழுதிய இரண்டாவது வடிவத்தில் அந்த வாக்குவாதமே இல்லை. மகன் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போகிறான், தகப்பன் மறுநாள் அவனுடைய சாரத்தைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கிறார். ஓரத்தில் பென்சிலால் 'பத்தையும் மாற்ற வேணும்' என்று எழுதியிருந்தது. அச்சான நூலில் ஒன்பதாம் அத்தியாயம் கறுப்பு மை வடிவத்திலும், பத்தாம் அத்தியாயம் மாற்றப்படாத பழைய வடிவத்திலும் வந்திருக்கின்றன. அதனால் நடக்காத ஒரு வாக்குவாதத்தைப் பத்தாம் அத்தியாயத்தில் தகப்பன் நினைத்து அழுகிறார். நூலை வாசித்தவர்கள் ஆசிரியருக்குக் கதைக்கட்டு கைவரவில்லை என்றார்கள். உண்மையில் அவர் மாற்ற நினைத்திருந்தார், காலம் விடவில்லை. பதிப்புரையில் இதற்கு இரண்டு வரி இருந்திருந்தால், அந்தக் கண்டனம் எழுந்திருக்காது.

வாசிக்கும் வரிசை

நம்மவர் நூல்களில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, குடும்பத்தாரின் நன்றியுரை என்று நாவலுக்கு முன்னால் பல பக்கங்கள் இருக்கும். இவற்றில் பதிப்புரையை மட்டும் முதலில் வாசியுங்கள். மற்றவற்றை நாவலை முடித்தபின் வாசியுங்கள். அவை கண்ணீரோடு எழுதப்பட்டவை. வாசிப்பவரின் கண்ணையும் நனைத்துவிடும். மறைந்தவரின் வறுமை, நோய், சிறைவாசம், புறக்கணிப்பு ஆகியவற்றை முதலில் அறிந்துகொண்டு வாசிக்கத் தொடங்கினால், நாவலில் வரும் ஒவ்வொரு நோயாளியும் அவராகவே தெரிவார். முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை எதையும் குறிக்காமல் வாசித்துவிட்டு, இரண்டாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள். நடை திடீரென மாறும் இடம், ஒரு பாத்திரத்தின் பெயரோ வயதோ மாறிப்போகும் இடம், சொன்னதைத் திரும்பச் சொல்லும் இடம் ஆகியவற்றைப் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். எழுதியவர் கடைசியாக ஒரு தடவை திருத்தாமல் போன பிரதியில் இவை இருப்பது இயல்பு.

கூட்டம்: யாரை, எப்போது, எப்படி

நாளைத் தெரிவதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறை எல்லோருக்கும் பொருந்தும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து முஸ்லிம் வாசகர் வருவதானால், ஜும்ஆத் தொழுகை நேரமான வெள்ளி நண்பகலைத் தவிர்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருவோருக்குப் பாதை தடைப்படலாம். பெரும்போக அறுவடைக் காலத்தில் விவசாயிகள் வரமாட்டார்கள்.

அதிகம் யோசிக்க வேண்டியது குடும்பத்தாரைப் பற்றியே. நம் ஊர்களில் எழுத்தாளரின் மனைவியும் பிள்ளைகளும் முன் வரிசையில் இருப்பார்கள். பேசுகிறவர் அவர்களுக்கு மாமனாகவோ மச்சானாகவோ படிப்பித்த ஆசிரியராகவோ இருப்பார். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, நடுப்பகுதி தொய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆதலால் இரண்டு கூட்டங்களாக வையுங்கள். முதற்கூட்டத்துக்குக் குடும்பத்தாரை அழைத்து, அவர் எப்போது எழுதினார், யாருக்கு வாசித்துக் காட்டினார், கொப்பிகள் எப்படித் தப்பின என்பதைச் சொல்லக் கேளுங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் கடற்கோளிலும் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் கடதாசிகள் போய்விட்டன. ஒரு கொப்பி எஞ்சியிருப்பதற்குப் பின்னால் யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவர், அதைத் தலைமேல் சுமந்து ஓடிய கதை இருக்கும். அதை எழுதி வையுங்கள்; அதுவும் நாவலின் வரலாறே. இரண்டாம் கூட்டம் வாசித்தவர்களுக்கு மட்டுமானது என்பதையும், அதில் நாவல் மட்டுமே பேசப்படும் என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நான் அறிந்தவரையில் அவர்கள் மனம் நோவதில்லை. அப்பாவின் புத்தகத்தை இவ்வளவு கவனமாக வாசிக்கிறீர்களா என்றே கேட்கிறார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் தலைமையுரை, வரவேற்புரை எல்லாம் வேண்டாம். ஒருவர் பிரதியின் நிலையைப் பத்து நிமிடத்தில் விளக்கட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு பக்கத்தை உரத்து வாசித்துவிட்டுப் பேசட்டும். பக்கம் காட்டாத பாராட்டையும் பக்கம் காட்டாத கண்டனத்தையும் தலைமை தாங்குபவர் இடைமறிக்க வேண்டும்.

எழுந்தே தீரும் ஒரு கேள்வி

நாவலில் வரும் போடியார் (பெரிய வயற்காரர்) இன்னாரா, கடை முதலாளி இன்னாரா என்று யாராவது கேட்பார்கள். ஊர் சிறியது, வாசகர் தம் உறவினரை நாவலில் கண்டுபிடிப்பது தவிர்க்க முடியாதது. ஆசிரியர் இருந்தால் வெளியீட்டு விழா ஏற்புரையிலேயே அது கற்பனை என்றோ, ஆம் என்றோ சொல்லியிருப்பார். இப்போது பதில் சொல்ல அவர் இல்லை. ஆகவே ஒரு பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பொதுவிதியை, இத்தகைய நாவலுக்கு இரட்டிப்புக் கண்டிப்போடு கைக்கொள்ள வேண்டும். கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்முறை மூண்ட 1990ஆம் ஆண்டைத் தொடும் நாவலென்றால் இது மேலும் முக்கியமாகிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் இருந்து அதை வாசிக்கும்போது, ஒரு பக்கத்தார் பட்ட துயரம் விரிவாகவும் மறுபக்கத்தார் பட்டது ஒரு வரியிலும் வந்திருக்கலாம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல, சொல்பவரைப் பேசவிடுங்கள். ஆனால் அது ஆசிரியரின் மனச்சாய்வா, எழுதாமல் போன அத்தியாயமா என்பதைக் கொப்பிகளைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவரையும் அன்று அழைத்து வைப்பது நல்லது.

கருத்தை எழுதும்போது

பத்திரிகைக்கோ சஞ்சிகைக்கோ எழுதுவோர், 'இன்னும் சில காலம் வாழ்ந்திருந்தால் பெரும் படைப்புகளைத் தந்திருப்பார்' என்ற வரியை எழுதாமல் விடுங்கள். அது எவருக்கும் பொருந்தும். நாவலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முதற்பந்தியிலேயே பிரதியின் நிலையைச் சொல்லிவிடுங்கள். பின்னர், முடிந்த பகுதிகளை முடிந்த எழுத்தாகவே கண்டிப்போடு அளவிடுங்கள்; முடியாத பகுதிகளை அவை எதை நோக்கிப் போயின என்று விளக்குங்கள். ஆசிரியரின் தவறையும் பதிப்பின் தவறையும் பிரித்து எழுதுங்கள். பிரிக்க முடியாத இடத்தில் யார் தலையிலும் சுமத்தாதீர்கள். நல்ல பக்கம் ஒன்றிருந்தால் அதை முழுமையாக எடுத்துக் காட்டுங்கள்; அவருக்கு அதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

நூல் கிடைக்கவில்லையென்று முழுப் பிரதியையும் போட்டோக் கொப்பி எடுத்துப் பங்கிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை தொடர்கிறது. குடும்பத்தாரிடம் கேட்டால் பெரும்பாலும் எஞ்சிய பிரதிகளை மகிழ்ச்சியோடு தருவார்கள். வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும். அப்போதே கையெழுத்துக் கொப்பிகளை ஸ்கேன் செய்து வைக்கும்படியும், அவர்கள் சம்மதித்தால் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுக்கும்படியும் சொல்லுங்கள். அச்சு நூல் வந்துவிட்டது என்று கொப்பிகளைப் பழைய கடதாசியாகக் கடைக்குப் போட்டுவிடும் வீடுகளும் உண்டு.

கூட்டம் முடிந்ததும், வாசகர் குறித்த அச்சுப் பிழைகள், பெயர் மாறிய இடங்கள், நடை மாறிய இடங்கள் அனைத்தையும் பக்க எண்ணோடு ஒரே பட்டியலாக்குங்கள். ஒரு பிரதியைப் பதிப்பாசிரியருக்கும் ஒரு பிரதியைக் குடும்பத்தாருக்கும் கொடுங்கள். மூன்றாவதை ஊர்ப் பொது நூலகத்தில் அந்த நாவலின் பின்னட்டைக்குள் வைக்கும்படி நூலகரிடம் கேளுங்கள். இரண்டாம் பதிப்புக்கு யாராவது முன்வரும் நாளில், அச்சகத்துக்குப் போகும் முன்னர் அந்தப் பட்டியலும் கொப்பிகளும் ஒன்றாக ஒரே மேசையில் இருக்க வேண்டும்.